இராப்பலகை

யூபிலி மலருக்குக் கட்டுரையொன்று வேண்டுமெனப் பழைய மாணவர் சங்கத்தார் எழுதியபோது, தமிழாசிரியனாகிய என்னிடம் அவர்கள் எதிர்பார்த்தது கம்பனிலோ சங்கப் பாடலிலோ ஒரு நயங்காணலாகவே இருந்திருக்கும். அத்தகைய கட்டுரைகளை என்னிலும் வல்லார் எழுதுவர். யான் எழுதப் புகுவது ஒரு சிறு மரப்பலகையையும் ஒரு முழக் கயிற்றையும் பற்றியாம். அக்கயிற்றைக் கெடுத்தவன் யானே. கெடுத்தது இன்னதென்று உணர்ந்ததோ நம் கல்லூரி வகுப்பறையில். ஆதலின் அதனைச் சொல்லுதற்கு இம்மலரினும் உரிய இடம் வேறில்லை.

எங்கள் வீடு வடமராட்சிக் கரையிலே இருந்தது. அப்பு இளமையிற் பாய்க்கப்பலில் ஓடியவர். நாகபட்டினமும் காரைக்காலும் அவருக்கு அயலூர்கள். இரங்கூன் சற்றுத் தொலைவான ஊர், அவ்வளவே. அவருடைய தந்தையார் தண்டையல். அத்தண்டையல் கையாண்ட பலகையொன்று எங்கள் பெட்டகத்திற் கிடந்தது. மூன்று விரற்கடை உயரம். நடுவே ஒரு துளை. துளையிற் கோத்த கயிறு. கயிற்றிலே இடைவெளி ஒவ்வாத முடிச்சுகள். எனக்கு அப்போது வயது ஒன்பது. தை பிறந்துவிட்டது, ஊரெங்கும் விண் பூட்டிய பட்டங்கள் கூவின. என் கொக்குப் பட்டத்துக்கு முச்சை கட்ட நல்ல கயிறு அகப்படவில்லை. பெட்டகத்துக் கயிறு மெல்லியது, உறுதியானது, எண்ணெய் ஊறியது. முடிச்சுகள் மட்டுமே இடையூறு. ஓர் ஆணியின் கூரால் அவற்றை ஒவ்வொன்றாக நெகிழ்த்து அவிழ்த்தேன். பட்டம் மிக நன்றாக ஏறிற்று என்பதையும் மறைக்காமற் சொல்லிவிட வேண்டும்.

அடி விழும் என்று காத்திருந்தேன். அப்பு அடிக்கவில்லை. கயிற்றை வாங்கி விரல்களுக்கிடையே பலமுறை உருவிப் பார்த்தார். "தம்பி, இதிலை ஒன்பது ஊர் கிடந்தது" என்றார். பின்னர் ஒரு முடிச்சை மட்டும் தாமே இட்டார். "இது எங்கடை துறை. மற்றதெல்லாம் ஐயாவுக்குத்தான் தெரியும்." அவர் கண்களில் வெண்படலம் படர்ந்திருந்த காலம் அது. மறுபடி அளந்து முடிச்சிட அவரால் இயலாது. சில ஆண்டுகளின் பின் அவரும் மறைந்தார். இடப்பெயர்வு ஒன்றிலே பெட்டகத்தோடு பலகையும் போயிற்று.

கயிற்றில் ஊர் எவ்வாறு கிடக்கும்? அவ்வினா என்னுள் உறங்கியே கிடந்தது. கல்லூரியிற் புவியியல் கற்பித்த ஆசிரியர் ஒருநாள் கரும்பலகையில் ஒரு வட்டத்தை வரைந்து, துருவ நட்சத்திரம் அடிவானத்திலிருந்து எத்தனை பாகை உயரத்திலே தோன்றுகிறதோ அத்தனையே அவ்விடத்து அகலக்கோடு என்று விளக்கினார். வடமுனையில் அது தலைக்கு நேர் மேலே நிற்கும். மத்திய கோட்டில் அடிவானத்தைத் தொடும். பருத்தித்துறையில் ஏறக்குறையப் பத்துப் பாகை உயரத்தில் நிற்கும். அவர் வட்டத்தை அழிப்பதற்கு முன்பே என் உள்ளங்கை வியர்த்துவிட்டது. யான் அவிழ்த்தவை முடிச்சுகளல்ல என்பதை அன்றுதான் அறிந்தேன்.

அக்கருவியின் பெயர் இராப்பலகை. சோழமண்டலக் கரை மாலுமிகளிடையே அது வழங்கியதைக் கண்டு கொங்கிறீவ் என்னும் ஆங்கிலேயர் 1850இல் சென்னையிலிருந்து வெளிவந்த ஆராய்ச்சி இதழொன்றில் எழுதியுள்ளார். மாலுமி முடிச்சைப் பல்லிற் கடித்துக்கொண்டு, கயிறு விறைக்குமாறு பலகையை முன்னே நீட்டிப் பிடிப்பான். பலகையின் கீழ்விளிம்பு அடிவானத்திற் பொருந்த வேண்டும். மேல்விளிம்பைத் துருவ நட்சத்திரம் தொட்டால், அந்த முடிச்சுக்குரிய துறையின் நேர்க்கோட்டிலே கப்பல் நிற்கிறது. நட்சத்திரம் விளிம்புக்கு மேலே தெரிந்தால் இன்னும் தெற்கே இறங்க வேண்டும். பலகை அதனை மறைத்துவிட்டால் வடக்கே ஏற வேண்டும். பர்மாவிலிருந்து வாடைக்காற்றில் மீள்பவன், நட்சத்திரம் தன் ஊர் முடிச்சுக்கு இறங்கும்வரை தெற்கே ஓடி, அதன்பின் அந்த உயரம் மாறாமல் மேற்கே ஓடினாற் போதும். கரை தானே எதிர்ப்படும். எண்ணும் எழுத்தும் அறியாதவனும் கையாளத்தக்க கருவி இதனினும் எளியது உண்டோ? பாகை, கலை என்னும் சொற்களே அவனுக்கு வேண்டியதில்லை. ஊர்ப்பெயர் தெரிந்தாற் போதும்.

அராபியர் இதனையே கமால் என்றனர். விண்மீனின் உயரத்தை விரற்கணக்கில் அளந்தனர். அவர்களுடைய ஒரு விரல் ஏறத்தாழ ஒன்றரைப் பாகைக்குச் சற்று மேற்பட்டது. 1498இல் வஸ்கொடகாமா ஆபிரிக்கக் கரையிலுள்ள மலிந்தியில் வழிகாட்டியொருவரை ஏற்றிக்கொண்டே கோழிக்கோட்டை அடைந்தார். ஈராண்டின் பின், 1500இல், கப்ராலின் கப்பற்படையோடு பிரேசில் சேர்ந்த வானநூல் வல்லுநர் யொவாவோ என்பார் தம் அரசருக்கு எழுதிய கடிதத்தில் இந்தியப் பலகைகளைக் குறிப்பிடுகிறார். பரந்த அத்திலாந்திக்கைக் கடந்து சென்றோர் கையிலும் நம் கடலின் பலகை இருந்தது என்பதை எண்ணும்போது, பெட்டகத்து ஆணி இன்றும் என் கையில் உறுத்துகிறது.

ஏனைய கருவிகளின் வரலாறு நூல்களில் நிரம்பக் கிடைத்தலின் இங்கு விரித்தல் வேண்டா. காந்த ஊசியைச் சீன அறிஞர் சென் குவோ 1088 அளவிலே விளக்கினார். 1731இல் இலண்டனில் ஹாட்லி கண்ணாடிகள் பொருத்திய எண்மக் கருவியைக் காட்டினார். அதிலிருந்தே பின்னர் அறுமக் கருவி வந்தது. நெடுங்கோடு அறிதற்குத்தான் உலகம் நெடுங்காலம் இடர்ப்பட்டது. புவி ஒரு பாகை சுழல நான்கு நிமிடம் ஆகும். எனவே புறப்பட்ட துறையின் நேரத்தைப் பிழையின்றிக் காக்கும் கடிகாரம் வேண்டும். அதனைச் செய்தவர் ஹரிசன் என்னும் தச்சர். 1761இல் யமேக்காவுக்குப் புறப்பட்ட அவருடைய கடிகாரம் 81 நாளில் ஐந்தே விநாடி பிந்திற்று. இன்று வானிற் சுழலும் செய்மதிகள் கைத்தொலைபேசிக்கும் இடத்தைச் சொல்லிவிடுகின்றன. இவற்றையெல்லாம் போற்றும் நூல்கள் இராப்பலகைக்கு ஒரு வரி ஒதுக்கினால் அதுவே பெரிது. வல்வெட்டித்துறையிற் கட்டிய அன்னபூரணி என்னும் பாய்க்கப்பல் 1938இல் அமெரிக்காவின் குளொஸ்டர் துறையைச் சென்றடைந்ததை நம்மவரிலேயே எத்தனை பேர் நினைக்கின்றனர்?

கொட்டகலை ஆசிரியர் கலாசாலையிற் பயிற்சி முடித்த நாள்தொட்டு ஹட்டனில் வாழ்கின்றேன். கடலுக்கும் எனக்கும் இடையே மலைகளும் தேயிலையும். சென்ற ஆண்டு ஒரு பாடத்தில் மீகாமன் என்னும் சொல் வந்தது. கப்பலைச் செலுத்துபவன் என்று பொருள் கூறி அப்பாற் செல்ல முயன்றேன். பின்வாங்கில் இருந்த மாணவி விடவில்லை. "சேர், இரவில அவருக்கு வழி எப்படித் தெரியும்?" பக்கத்திலிருந்த சிறுவன் முந்திக்கொண்டு, "நாங்க கடலே பார்த்ததில்ல, நமக்கு அது எதுக்கு?" என்றான். வகுப்புச் சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவனுடைய முன்னோர் எவரும் நடந்து மட்டும் இம்மலைக்கு வந்தவரல்லர். 1914இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே நீராவிக் கப்பல் ஓடத் தொடங்கியது. அதற்கு முன்னர் வந்தோர் தோணியில் மன்னார்க் கரை இறங்கிக் காட்டுவழியே நடந்தனர். எவனோ ஒரு மாலுமி வழி கண்டதனாலன்றோ அவன் அவ்வாங்கில் அமர்ந்திருக்கிறான்? அதனைச் சொல்லிவிட்டு, பாடத்தை ஒத்திவைத்து, கயிற்றின் கதையையும் சொன்னேன். ஆசிரியன் தன் குற்றத்தைத் தானே கூறும்போது வகுப்பு எத்துணை அமைதியாகிறது என்பதை இந்நாட்டு ஆசிரியர் பலர் அறியார்.

பலகைகள் செய்தோம். உயரம் ஆறு சென்ரிமீற்றர். கணக்கிட்டுப் பார்த்தால் பருத்தித்துறைக்கு முடிச்சு 35 சென்ரிமீற்றரில் வரும், நாகபட்டினத்துக்கு 32, சென்னைக்கு 26, இரங்கூனுக்கு 20. வடக்கே போகப் போகக் கயிறு குறுகும். ஹட்டனுக்கு 50. இவ்வூருக்கு முடிச்சிட்ட மாலுமி எவனும் இரான்.

ஆயின் பலகை இங்கே பயன்படவில்லை. அதற்கு அடிவானம் வேண்டும். எங்களுக்கு எத்திசையும் மலை. ஏழு பாகை உயரத்தில் நிற்கும் நட்சத்திரத்தை மறைக்க ஒரு சிறு முகடு போதும்; எஞ்சியதை மூடுபனி பார்த்துக்கொள்ளும். உரோம அறிஞர் பிளினி, தம் நூலில், தப்ரபேன் ஆகிய நம் தீவின் மாலுமிகள் விண்மீனை நோக்குவதில்லை, வடதிசை மீன்கூட்டம் அவர்களுக்குத் தெரியாது, பறவைகளைப் பறக்கவிட்டு அவை செல்லும் வழியே கரை காண்பர் என்று எழுதினார். அவர் காலத்தில் இன்றைய துருவ நட்சத்திரம் வடதுருவத்தை விட்டுப் பத்துப் பாகைக்கும் மேலாக விலகியிருந்தது என்பது உண்மையே. எனினும் அவர் கூற்று வடமராட்சிக் கடலினும் எங்கள் விளையாட்டு மைதானத்துக்கே பெரிதும் பொருந்துகிறது.

ஆகவே வேறொரு பழங்கருவியை நாடினோம். போர்த்துக்கேயர் கொண்டுவந்த கால்வட்டக் கருவிக்கு அடிவானம் வேண்டா. தூக்கு நூலே போதும். பாகைமானி, உறிஞ்சு குழல், நூல், சிறு கல். நட்சத்திரத்தைக் குழலின் வழியே நோக்கினால் நூல் பாகையைக் காட்டும். எல்லார்க்கும் ஒவ்வொன்று செய்து கொடுத்தனுப்பினேன். மூன்று வாரம் மழையும் புகாருமாகக் கழிந்தன. மாணவர் பலர் மறந்தனர். சிலருடைய குழல் வேறு பானத்துக்குப் பயன்பட்டதாக அறிந்தேன்.

தை மாதத்து விடியலொன்றில், மேற்பிரிவு இலயத்திலிருந்து அந்தப் பின்வாங்கு மாணவி வந்தாள். அவள் தாய் நான்கு மணிக்கு அடுப்பு மூட்ட எழுபவர். மகளையும் எழுப்பி, இலயத்துக்கு மேலேயுள்ள கோயிற்றிட்டிக்கு அழைத்துச் சென்றிருக்கிறார். சப்தரிஷி மண்டலம் வடவானில் உயர நின்றது. அதன் இரு மீன்கள் காட்டிய வழியே கீழிறங்கி நோக்கியபோது, இரு முகடுகளின் இடைவெளியில் அந்த நட்சத்திரம் நின்றதாம். நூலை விரலால் அழுத்திப் பிடித்தபடியே பாகைமானியைக் கொணர்ந்திருந்தாள். இரண்டு மைல் தூரம் அவ்விரலை எடுக்கவில்லை. ஏழுக்கும் எட்டுக்கும் நடுவே நூல் கிடந்தது.

"பிழையா சேர்?" என்றாள். பிழையில்லை என்றேன்.

இப்பொழுது என் மேசையின்மேல் ஒரு புதிய கயிறு கிடக்கிறது. ஹட்டன் முடிச்சை அம்மாணவியே இட்டாள். எங்கள் துறை, நாகபட்டினம், சென்னை, இரங்கூன் ஆகிய நான்கையும் யான் இட்டேன். அப்பு சொன்ன கணக்கு ஒன்பது. அவற்றுள் மீட்டவை நான்கு. எஞ்சிய ஐந்துக்கும் கயிற்றில் இடம் விட்டு வைத்திருக்கிறேன்.