இரும்புக் குண்டும் பியானோவும்

உயர்தரப் பரீட்சை நெருங்கும் காலத்தில் பெற்றோர் சிலர் என்னிடம் வருவதுண்டு. "இனிப் பிள்ளையை மைதானத்துப் பக்கம் விடாதேயுங்கோ, சேர்" என்பதே அவர்களது வேண்டுகோளாயிருக்கும். பெண்பிள்ளையாயின் அவ்வேண்டுகோள் இன்னும் சற்று அழுத்தமாக வரும். அவர்களுடைய அச்சத்தை நான் குறைகூற மாட்டேன். ஒரு பரீட்சையிலேயே பிள்ளையின் எதிர்காலம் தங்கியிருக்கிறதென்று எண்ணுவோர் வேறு எவ்வாறு பேசுவர்?

அவ்வேளைகளில் என் நினைவுக்கு வருபவர் மிஷ்லின் ஒஸ்டர்மேயர் என்னும் பிரெஞ்சு வீராங்கனை.

1922 இல் பிறந்த இவ்வம்மையார், இளமையில் டியூனிசியாவில் வளர்ந்தவர். நான்கு வயதிலேயே தாயாரிடம் பியானோ பயிலத் தொடங்கினார். 1946 இல் பாரிஸ் இசைக் கல்லூரியின் முதற் பரிசைப் பெற்றார். அதே ஆண்டில் ஒஸ்லோ நகரில் நடந்த ஐரோப்பியப் போட்டியில், குண்டு போடுதலில் வெள்ளிப் பதக்கமும் அவருக்குக் கிடைத்தது.

1948 இல் இலண்டனில் ஒலிம்பிக் விழா நடைபெற்றது. நம் நாட்டு டங்கன் வைற் 400 மீற்றர் தடைதாண்டி ஓட்டத்தில் வெள்ளிப் பதக்கம் வென்ற அதே விழாதான். பெண்களுக்கான குண்டு போடுதல் ஒலிம்பிக்கில் முதன்முதலாக இடம்பெற்றதும் அவ்விழாவிலேதான். நான்கு கிலோகிராம் நிறையுள்ள குண்டை 13.75 மீற்றர் தூரம் போட்டு, அப்போட்டியின் முதல் வெற்றியாளரானார் ஒஸ்டர்மேயர். பரிதிவட்டம் எறிவதிலும் அவருக்கே தங்கம்; உயரம் பாய்தலில் வெண்கலம். குண்டு போட்டு வென்ற அன்றே, பிரெஞ்சு அணியினர் தங்கியிருந்த இடத்தில் பியானோவின் முன் அமர்ந்து பீத்தோவனின் இசையை வாசித்தாராம்!

இத்துடன் கதை முடிந்திருந்தால், பெற்றோருக்குச் சொல்ல எளிதான கதையாயிருக்கும். ஆனால், அவர் பெற்ற பதக்கங்களே பின்னர் அவருக்குத் தடையாயின. குண்டு போடும் கைக்கு நுண்கலை எவ்வாறு வரும் என்று இசையுலகில் ஐயுற்றோர் பலர். வலிமையைக் காட்டும் இசை என்று பேர்பெற்ற லிஸ்ற்றின் ஆக்கங்களை, அந்த ஏளனத்துக்கு அஞ்சி ஆறாண்டுகள் மேடையில் வாசியாது விட்டார். 1950 இல் பிரசெல்ஸ் நகரிலும் இரு வெண்கலப் பதக்கங்கள் வென்றபின் மைதானத்திலிருந்து ஓய்வு பெற்று, கச்சேரிகள் செய்தும் நெடுங்காலம் பியானோ கற்பித்தும் வாழ்ந்து, 2001 இல் காலமானார்.

அவருக்கு இரண்டு கலைகளும் ஒன்றுக்கொன்று பகையாயிருக்கவில்லை. ஒருவருக்கு ஒரு திறமைதான் இருக்கலாம் என்று எண்ணிய பிறரே அவற்றைப் பகையாக்கினர். அவ்வெண்ணம் நம் வீடுகளிலும் வகுப்பறைகளிலும் இல்லையென்று சொல்லத் துணிவோமா? "கெட்டிக்காரி", "விளையாட்டுக்காரி" என்று நாம் இடும் பெயர்கள் பிள்ளையின் பாதியை மறைத்துவிடுகின்றன.

ஆகவே, வரும் பெற்றோரிடம் நான் வேண்டுவது சிறிதே: நேரத்தைப் பங்கிடுங்கள், மாலையில் ஒரு மணி நேரமாவது அந்தப் பிள்ளைக்கு மைதானத்தை விட்டுவையுங்கள்.