அது பாவம் மோனை

யாழ்ப்பாணத்து நெல்லியடியில் நான் கேட்டு வளர்ந்த ‘பாவம்’ ஒருநாளும் வாயோடு நின்றதில்லை. சொன்னவரின் கை உடனே எதையாவது தேடும்: ஒரு செம்பு தண்ணி, மத்தியானச் சோற்றில் ஒரு பங்கு, கொடியில் காயும் பழஞ்சேலை. சந்தை கலைந்த பிறகும் விலைப்படாத கீரைக்கட்டோடு குந்தியிருக்கும் கிழவியைக் கண்டால், வீட்டில் கீரை கிடந்தாலும் ஆச்சி வாங்கிவிடுவா. “அது பாவம் மோனை. விட்டிட்டு வந்தால் பாவம் எங்களுக்கெல்லோ” என்பா.

ஒரே பேச்சில் இரண்டு பாவம். முதலாவது அந்தக் கிழவி. இரண்டாவது, கண்டும் காணாமல் போகிறவர் தலையில் விழுவது. தீவினையைக் குறித்த வடசொல் தமிழர் வாயில் எப்படி இரக்கச் சொல்லாயிற்று என்பதற்குப் பழவினையைக் காரணம் காட்டுவோர் உண்டு: முன்செய்ததை அனுபவிக்கிறான், ஆகவே பாவம். ஆச்சியின் கணக்கு வேறு. அவ எவருடைய முற்பிறப்பையும் துருவியதில்லை. அந்தச் சொல்லைச் சொன்னவுடன் தனக்கு ஒரு வேலை வந்துவிட்டது என்றுதான் நினைத்தா. எனக்கும் அந்தப் பொருள்தான் மெய்யானது.

இப்போது நான் இருப்பது ஸ்கொட்லாந்தில். இங்கே பழைய மொழியில் இரக்கத்துக்கு ‘ரூத்’ என்று ஒரு சொல் இருந்தது. 1700க்கு முந்திய ஸ்கொட்ஸ் மொழிக்கென்று ஒரு பேரகராதி, 1931இலிருந்து 2002 வரை, 12 தொகுதிகளாக வெளிவந்தது. எத்தனை பேருடைய ஆயுள் அதில் போயிருக்கும்! அந்த அகராதியில் பார்த்தால், ‘ரூத்’ பிறந்த வினைச்சொல் தான் செய்ததற்கு வருந்துவதையும் சொன்னது, பிறருக்காக இரங்குவதையும் சொன்னது. இன்றைய ஆங்கிலத்தில் ஈவிரக்கமற்றவனைச் சொல்லும் ‘ரூத்லெஸ்’ உயிரோடு இருக்கிறது. இரக்கத்தைச் சொன்ன தாய்ச்சொல் புழக்கத்தை விட்டுப் போய்விட்டது. அந்தச் சொல்லின் கதையைப் படித்த இரவு எனக்கு ஆச்சியின் இரண்டு பாவங்களும் நினைவில் வந்தன. மற்றவரின் துயரமும் தன் நெஞ்சின் குத்தலும் ஒரே சொல்லுக்குள் இருந்த காலம் இந்த மண்ணிலும் இருந்திருக்கிறது.

‘இரங்கு’ என்ற நம்முடைய சொல்லும் அப்படித்தான். சங்கச் செய்யுள்களில் முரசு இரங்கும், கடல் இரங்கும். அங்கே அது ஒலித்தல். தொல்காப்பியம் நெய்தலுக்கு உரியதாக வைத்த இரங்கல், பிரிவு தாங்காத புலம்பல். பிறர் துன்பத்துக்கு நெஞ்சு உருகுவதும் அதே வினைதான். பருத்தித்துறைக் கரையில் சோளகக் காற்றில் நின்றவருக்கு இந்த மூன்றும் ஏன் ஒரு சொல்லாயின என்று ஒருவர் விளக்கத் தேவையில்லை. வள்ளுவர் அருளுடைமையைத் துறவறத்தில் 25ஆம் அதிகாரமாக வைத்தார். இரக்கத்தோடு பார்க்கும் கண்ணோட்டத்தை அரசனுக்குச் சொல்லும் பகுதியில் 58ஆம் அதிகாரமாக வைத்தார். துறவியும் அரசனும் அல்லாத, கீரை வாங்கப் போன ஆச்சிக்குப் ‘பாவம்’ போதுமாயிருந்தது.

சொற்களைச் சேர்த்து வைப்பதில் யாழ்ப்பாணத்தார் சளைத்தவர்கள் அல்லர். 1842இல் மானிப்பாயில் அச்சான அகராதி இருக்கிறது. எங்கள் வடமராட்சியிலேயே உடுப்பிட்டியில் ஒரு கதிரவேற்பிள்ளை, மேலைப்புலோலியில் இன்னொரு கதிரைவேற்பிள்ளை, இருவரும் அகராதி செய்தவர்கள். அவர்களை வணங்குகிறேன். ஆனாலும் ஆச்சி ‘அதுகள்’ என்று இழுத்துச் சொன்ன குரலை எந்த அகராதியில் தேட?

அந்த ‘அதுகள்’ பற்றி முழுவதையும் சொல்லவேண்டும். குழந்தைகளையும் வயதானவர்களையும் நொந்தவர்களையும் எங்கள் ஊர் அஃறிணையில்தான் அணைத்துக்கொண்டது. அதே அஃறிணையால்தான் சாதியால் கீழே வைக்கப்பட்டவர்களை ஒதுக்கியும் வைத்தது. யாழ்ப்பாணத்துத் தேத்தண்ணிக் கடைகளில் சிலருக்குப் போத்தலிலும் சிரட்டையிலும் ஊற்றிக் கொடுத்த காலத்தில், பாவம் பார்க்கத் தெரிந்த பலர் அதைப் பாவமென்று நினைக்கவில்லை. 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில் நின்றவர்கள் இரக்கம் கேட்டு நிற்கவில்லை; உள்ளே நுழையும் உரிமை கேட்டு நின்றார்கள். நெல்லியடிக்குப் பக்கத்து வதிரியில் சூரன் என்பவரும் அவரைச் சேர்ந்தவர்களும் எவருடைய மனம் இளகும் என்றும் காத்திராமல் தேவரையாளியில் தங்கள் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் எழுப்பினார்கள். என் ஏக்கம் இதை மறைத்துவிடக் கூடாது.

இருந்தும் 1995 ஒக்ரோபர் கடைசியில், போரினால் வலிகாமத்துச் சனம் ஒரே இரவில் பெயர்ந்து தென்மராட்சிக்கும் வடமராட்சிக்கும் வந்தபோது, அந்தச் சொல் தன் முழு உயரத்துக்கு எழுந்ததை மறக்க முடியாது. மழையில் நனைந்த சைக்கிள்கள், அவற்றில் கட்டிய பானை சட்டிகள், கூடையில் கிழவர்கள். விறாந்தையில் பாய் விரித்து, மாட்டுக்கொட்டிலைக் கூட்டித் துடைத்து, பெயர் தெரியாதவர்களுக்கு இடம் கொடுத்தார்கள். “அதுகள் பாவங்கள், எங்கை போகும்?” என்பதற்கு மேல் ஒரு வீட்டிலும் ஆலோசனை நடக்கவில்லை. கிணற்றில் வாளி ஓயாமல் விழுந்துகொண்டிருந்தது.

ஊரை விட்டு வந்தவர்கள் மாமரத்தையும் கோயில் திருவிழாவையும் சொல்லி ஏங்குவார்கள். எனக்கும் அவை உண்டு. ஆனால் போன மாரியில் காய்ச்சலில் கிடந்தபோது நான் கேட்க விரும்பியது வேறு. இங்குள்ளவர்கள் அன்பாகத்தான் விசாரித்தார்கள், செய்தி அனுப்பினார்கள், குறையொன்றும் இல்லை. எனக்கோ, “அது பாவம், சாப்பிட்டுதோ தெரியாது” என்று என்னை அஃறிணையில் சொல்லிக்கொண்டு, கேட்காமலே கஞ்சியோடு ஒருவர் படியேறி வரவேண்டும்போல இருந்தது.