மோல் அழுத இடம்

2008ல் பி.ஏ. கடைசி வருஷத்தில் எங்களுக்குக் குழந்தை இலக்கியம் ஒரு விருப்பப் பாடம். நான்கு நூல்கள்: லூயிஸ் கரோலின் 'ஆலிஸ்' (1865), கென்னத் கிரஹாமின் 'த விண்ட் இன் த வில்லோஸ்' (1908), ஜே. எம். பாரியின் 'பீட்டர் அண்ட் வெண்டி' (1911), சி. எஸ். லூயிஸின் நார்னியா வரிசையில் முதலில் வெளிவந்த நூல் (1950). பரீட்சையில் என்ன எழுதினேன் என்பது நினைவிருக்கிறது. ஆலிஸ், விக்டோரியா காலக் கல்வியின் மீதான பரிகாசம். பீட்டர் பான், வளர மறுக்கும் மனத்தின் குறியீடு. நார்னியா, கிறிஸ்துவ உருவகம். கிரஹாமின் நூல், கீழ்த்தட்டைக் கண்டு மேல்தட்டு கொண்ட பயம்; டோட் மாளிகையைப் பிடித்துக்கொள்ளும் வீஸல்கள் அதற்கு அத்தாட்சி. 68 மார்க் வந்தது.

இவற்றில் எதுவும் தவறில்லை. இன்றும் மறுக்கமாட்டேன். ஆனால் படித்தபோது எனக்கு நேர்ந்தது இவை எதுவுமில்லை. அதை எழுதப் பரீட்சைத் தாளில் இடமில்லை என்று சொல்லிக்கொண்டேன். தைரியம் இல்லை என்பதே நிஜம்.

ஆலிஸ் எனக்குச் சிரிப்பு மூட்டவில்லை. பயமாக இருந்தது. உடம்பின் அளவு மாறிக்கொண்டே இருக்கிறது. நீ யார் என்று கேட்கிறார்கள். தான் தான்தான் என்று ஊர்ஜிதம் செய்துகொள்ளப் பள்ளியில் படித்த பாட்டைச் சொல்லிப் பார்க்கிறாள், வேறு வார்த்தைகள் வந்து விழுகின்றன. பன்னிரண்டு வருஷம் தமிழில் படித்துவிட்டு ஆங்கில இலக்கிய வகுப்பில் உட்கார்ந்திருந்தவனுக்கு இதில் அபத்தம் ஒன்றுமில்லை. வாயைத் திறந்தால் எனக்கும் அப்படித்தான் நடந்தது.

பீட்டர் பானில் பறத்தலும் கடற்கொள்ளையரும் மனசில் ஒட்டவில்லை. ஒருமுறை வீட்டுக்குத் திரும்பியபோது ஜன்னல் அடைத்திருந்தது, தன் படுக்கையில் வேறொரு குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது என்று பீட்டர் சொல்லும் இடத்தில் புத்தகத்தை மூடி வைத்தேன். 1867ல் பாரியின் அண்ணன் பனிச்சறுக்கு விபத்தில் இறந்ததும், ஆறு வயதுப் பாரி தாயைத் தேற்ற அந்த அண்ணனாகவே நடிக்க முயன்றதும் பின்னால் தெரிந்த சங்கதிகள். தெரிவதற்கு முன்பே ஜன்னல் தன் வேலையைச் செய்துவிட்டிருந்தது.

நார்னியாவின் கடைசி நூலை (1956) பாடத்தில் இல்லாவிட்டாலும் தேடிப் படித்தேன். வளர்ந்துவிட்ட சூசன் லிப்ஸ்டிக், நைலான், விருந்து அழைப்புகள் என்று போய்விட்டதால் அவள் இனி நார்னியாவின் சிநேகிதி இல்லை. ரயில் விபத்தில் மொத்தக் குடும்பமும் போக அவள் மட்டும் மிஞ்சுகிறாள். அவள் துக்கத்துக்கு லூயிஸ் ஒரு வாக்கியம்கூடச் செலவழிக்கவில்லை. அந்த வருஷம்தான் அக்கா ஒரு லிப்ஸ்டிக் வாங்கினாள் என்பதற்காக எங்கள் வீட்டில் இரண்டு நாள் யாரும் பேசிக்கொள்ளவில்லை. கோபத்துடன் படித்த ஒரே குழந்தைப் புத்தகம் அதுதான்.

கிரஹாமின் ஐந்தாம் அத்தியாயத்தில் அழுதேன். டிசம்பர் இருட்டில் மோலும் ராட்டும் நடந்து வருகிறார்கள். வசந்தத்தில் மோல் விட்டுவிட்டுக் கிளம்பிய சின்ன வீட்டின் வாசனை திடீரென்று வழிமறிக்கிறது. கூப்பிடுகிறான், முன்னால் போகிற ராட்டின் காதில் விழவில்லை. சிநேகிதனை விடவும் முடியாமல் வாசனையைப் பிய்த்துக்கொண்டு நடந்து, கடைசியில் மோல் உடைந்து அழுகிறான்.

வங்கியில் சேர்ந்த பிறகுதான் கிரஹாமும் வங்கிக்காரர் என்று தெரிந்தது. ஐந்து வயதில் தாயை இழந்து, தகப்பனும் கைவிட்டுப் பாட்டி வீட்டில் வளர்ந்தவர். ஆக்ஸ்ஃபோர்டில் படிக்க ஆசை. உறவினர் பணம் கட்ட மறுத்துவிட்டார். 1879ல் பாங்க் ஆஃப் இங்கிலாந்தில் குமாஸ்தா, 1898ல் செயலாளர். 1903ல் வங்கிக்குள்ளேயே ஒருவன் அவரை நோக்கிச் சுட்டான், படவில்லை. 1908ல் வேலையை விட்டார். அதே வருஷம் புத்தகம் வெளிவந்தது. எந்த மகனுக்குச் சொன்ன கதைகளாக அது தொடங்கியதோ அவன் 1920ல், இருபது வயது நிறையச் சில நாட்களே இருக்க, ஆக்ஸ்ஃபோர்டில் ரயில் பாதையில் இறந்துபோனான். இந்த விவரங்கள் அந்த அத்தியாயத்தை விளக்கிவிடும் என்று நினைக்கவில்லை. வாழ்க்கைக் குறிப்பும் இன்னொரு வகை நோட்ஸ்தான்.

இதையெல்லாம் இப்போது எழுதக் காரணம் வேறு. நாலு வருஷம் முன்பு நண்பர் ஒருவர் பதினோரு கவிதைகளைக் கொடுத்து அபிப்பிராயம் கேட்டார். எல்லாம் விற்றுப்போன ஒரு வீட்டைப் பற்றியவை. கிணற்று ராட்டினம், திண்ணை, அடுக்களைப் புகை. 'வெறும் ஏக்கம். ஊர் ஏக்கம் தமிழில் போதுமான அளவு எழுதியாகிவிட்டது' என்றேன். சிரித்துக்கொண்டே வாங்கிப் போனார். அதற்குப் பின் யாரிடமும் எதுவும் காட்டவில்லை என்று கேள்வி.

ஆறாவது கவிதையில் நான் நின்றுவிட்டிருந்தேன். அப்பா இறந்த மறுவருஷம் எங்கள் வீட்டை விற்றபோது பத்திரத்தில் முதல் கையெழுத்து என்னுடையது. அதை நண்பரிடம் சொல்லவில்லை. 68 மார்க் வாங்கித் தந்த அதே கைதான் அபிப்பிராயத்தையும் சொன்னது.

சென்ற மாதம் அந்த அத்தியாயத்தை மறுபடி படித்தேன். ராட் கெட்டவனில்லை. பனி கொட்டும் முன் வீடு சேர வேண்டும், வழி கண்டுபிடிக்கும் வேலை அவனுடையது. அதனால் காதில் விழவில்லை. விழுந்ததும், அந்த வீடு திரும்பிப்போகத் தகுந்ததுதானா என்று அவன் விவாதிப்பதில்லை. இருட்டில் வந்த வழியே திரும்புகிறான். தூசி படிந்த அந்தப் பொந்தில் ஒரு சார்டைன் டப்பாவைத் தேடி எடுக்கிறான். சுவரில் பதித்த படுக்கைகளை மெச்சுகிறான்.

முதல் வாசிப்பில் நான் கவனிக்காதது ஒன்று உண்டு. மோல் அங்கேயே தங்கிவிடவில்லை. வீடு எவ்வளவு சின்னது, சாதாரணமானது என்று அவனுக்குத் தெரிகிறது. ஆற்றுக்குத் திரும்பிப் போகத்தான் போகிறான். ஆனால் அந்தத் தெளிவு உள்ளே நுழைந்து படுத்த பிறகு வருகிறது. ஏக்கத்தின் மீது தீர்ப்புச் சொல்ல மோலுக்கு உரிமை இருக்கிறது. பாதையில் முன்னால் போய்க்கொண்டிருப்பவனுக்கு இல்லை. விமர்சனம் வேண்டாம் என்று இதற்கு அர்த்தமில்லை. எனக்கு என்ன நேர்ந்தது என்பதை மறைத்துவிட்டுச் செய்யும் விமர்சனத்துக்கு ஆதாரம் கிடையாது என்றுதான் சொல்ல வருகிறேன்.

நண்பருக்குக் கடிதம் எழுதிக் கவிதைகளைத் திரும்பக் கேட்டிருக்கிறேன். கையெழுத்துப் போட்ட விஷயத்தையும் எழுதினேன். ஆறாவது கவிதையின் கடைசி இரண்டு வரிகள் தேவையில்லை என்பது இப்போதும் என் அபிப்பிராயம். அதையும் எழுதியிருக்கிறேன். பதில் இன்னும் வரவில்லை.