வாரச் செய்தியும் வீட்டுச் செய்தியும்

எமது ஊரிலுள்ள கிறிஸ்தவ ஆரம்பப் பாடசாலையொன்று வெள்ளிக்கிழமைதோறும் வீடுகளுக்கு ஒரு செய்தித்தாள் அனுப்புகிறது. காலை ஆராதனை, விளையாட்டுப் போட்டி, பிறந்தநாள் வாழ்த்து, பிள்ளைகள் கொண்டுவரவேண்டிய பொருள்கள் யாவும் அதிலுண்டு. பாடசாலையும் வீடும் ஒரே குடும்பம் என்று அது முடியும்.

அயல்வீட்டுச் சிறுமி அதனை எம்மிடமே கொண்டுவருவாள். தந்தை கடற்றொழிலாளி, தாய்க்கு நண்டு பதனிடும் ஆலையில் இரவு வேலை. ஒருமுறை வர்ணத்தாள் கேட்டிருந்தார்கள். வாடைக்காற்றில் கடல் கொந்தளித்த வாரம் அது, அடுப்பெரிவதே அரிதாயிருந்தது. திங்களன்று சிறுமி பாடசாலைக்குச் செல்லவில்லை. இடாப்பில் வரவின்மை பதிவாயிற்று, காரணம் பதிவாகவில்லை.

1816இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷனரிமார் கிராமந்தோறும் பள்ளிகள் நிறுவினர். அத்தொண்டினை நாம் மறவோம். 1945இல் வந்த இலவசக் கல்வி வகுப்புக் கட்டணத்தை ஒழித்தது. வர்ணத்தாளின் விலையோ இன்னும் ஏழையின் தலையிலேயே இருக்கிறது.

குடும்பமென்றால் செய்தி இருபுறமும் செல்லவேண்டும். கடலுக்குப் போகமுடியாத நாள்கள், கிடைக்காத கூலி, தாயின் உறக்கமின்மை ஆகியனவும் பாடசாலை அறியவேண்டிய வாரச் செய்திகளே. அத்தாளின் மறுபக்கம் வெறுமையாகவே கிடக்கிறது. அதிலே வீடுகள் எழுதட்டும். எழுத நேரமற்ற தாய் சொல்ல, ஆசிரியர் எழுதட்டும்.