ஆண்பிள்ளை வண்டி

நெல்லிவாசல்நாட்டு மலை வளைவுகளில் நாள்தோறும் ஏறியிறங்கும் நாம், வண்டி வாங்க எண்ணியபோது உற்றார் உரைத்ததென்ன? "ஆண்பிள்ளைக்கு அழகு புல்லட்!"

வண்டியிலும் ஆண், பெண் வகுத்தவர் யார், தோழர்களே? புல்லட்டின் எடை 195 கிலோ. ஸ்பிளெண்டரின் எடை ஏறத்தாழ 112. சரளைச் சரிவில் சாய்ந்தால் தூக்கி நிமிர்த்த வேண்டியது நம் கரங்களல்லவா? பெருமை வந்து கைகொடுக்குமா? கால் தரையில் பதிகிறதா, முதுகு நோகாதிருக்கிறதா என்று பார்த்தோம், எளியதையே எடுத்தோம். பூசைச் செலவை மிச்சப்படுத்தித் தலைக்கவசம் இரண்டு வாங்கினோம்.

வார நாட்களில் அதிலே வேலைக்குப் போகிறோம். வார இறுதியில் தங்கை ஓட்ட, பின்னமர்ந்து காவலூர் வானாய்வகம் சென்று, 2.34 மீட்டர் தொலைநோக்கியைக் கண்டு திரும்பினோம்.

'ஆண்பிள்ளை வண்டி'யை வாங்கியிருந்தால், அவள் கையில் சாவி வந்திருக்குமா?