ஓட்டாமல் காத்த கார்



சென்ற மாதம் ஒரு திங்கட்கிழமை, பஜ்ர் தொழுது முடித்து முஸல்லாவை மடித்துக்கொண்டிருந்த வேளையில் காயல்பட்டினத்திலிருந்து தொலைபேசி வந்தது. மாமியின் ஒரே தங்கை இரவில் வஃபாத்தாகிவிட்டார்கள். முற்பகல் 11 மணிக்கு நல்லடக்கம். மாமி இன்னாலில்லாஹி சொன்னார்கள். சற்று நேரம் கழித்து, "எனக்கு அவ முகத்தப் பாக்கணும்" என்றார்கள். வேறெதுவும் சொல்லவில்லை. தஸ்பீஹைக் கையில் எடுத்துக்கொண்டு திண்ணையில் போய் அமர்ந்துவிட்டார்கள்.

கீழக்கரையிலிருந்து காயல்பட்டினத்துக்குக் கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாக மூன்று மணி நேரப் பயணம். தூரத்து உறவினருக்காக மய்யித்தைக் காக்க வைக்கலாகாது என்று நிஸ்வான் மதரஸாவில் ஆண்டுதோறும் ஜனாஸா பாடம் நடத்தும்போது வற்புறுத்திச் சொல்கிறவர்கள் நாங்கள். அன்று அந்தத் தூரத்து உறவினர் நாங்களாகவே இருந்தோம். "கொஞ்சம் பொறுங்கள்" என்று கேட்க நா எழவில்லை.

வழக்கமாக வாடகைக் கார் ஓட்டும் இருவரில் ஒருவர் மதுரை விமான நிலையத்துக்குப் போயிருந்தார். மற்றவர் தொலைபேசியை எடுக்கவில்லை. முழங்கால் வலியுள்ள மாமியைப் பேருந்து மாறி மாறி அழைத்துச் செல்வது நடவாத காரியம். ஆனால் முற்றத்துக் கொட்டகையின் கீழ் எங்கள் சொந்தக் கார் நின்றது. மஹ்ரமாக உடன்வர 17 வயது மகன் இருந்தான். ஓட்டுநர் உரிமம் எங்களிடம் இருந்தது. ஆகவே கவலை இல்லை என்றே எண்ணினோம்.

அந்தக் காரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். துபையில் இருக்கும் பிள்ளைகளின் வாப்பா நான்கு ஆண்டுகளுக்கு முன் விடுமுறையில் வந்தபோது வாங்கியது. நாற்பதைக் கடந்து ஓட்டப் பழகும் பெண்ணுக்கு கிளட்சும் கியரும் சிரமம் என்று ஆட்டோமேட்டிக் வண்டியாகப் பார்த்து வாங்கினார்கள். இம்முறை விடுமுறை முடிந்து புறப்படும்போது, "வாரம் ஒரு தடவையாவது எடுத்து ஓட்டுங்க" என்று சொல்லிச் சென்றார்கள். நாங்கள் ஓட்டவில்லை. எங்கள் ஊர்த் தெருக்களில் எதிரே ஒரு ஆட்டோ வந்தால் இரண்டில் ஒன்று பின்வாங்க வேண்டும். சுவரில் உரசிவிட்டால் என்ன பதில் சொல்வது? அவர்கள் வெயிலில் உழைத்துச் சேர்த்த காசு. எங்களிடம் விட்டுச் சென்ற அமானிதம். எனவே துணி போட்டு மூடி, வெள்ளிதோறும் தூசி தட்டி, 42 நாட்கள் பத்திரமாக வைத்திருந்தோம்.

துணியை விலக்கிச் சாவியின் பொத்தானை அழுத்தினால் கதவு திறக்கவில்லை. மீண்டும் அழுத்தினோம். ஒரு சிறு ஓசைகூட இல்லை. சாவியில்தான் பழுது என்று நினைத்து அதன் பேட்டரியை மாற்ற மகன் கடைக்கு ஓடப் பார்த்தான். பத்தாம் வகுப்புப் படிக்கும் மகள், சாவியின் ஓரத்திலிருந்த சிறு பித்தானைத் தள்ளி உள்ளே மறைந்திருந்த இரும்புச் சாவியை உருவி எடுத்தாள். நான்கு ஆண்டுகளாக அப்படி ஒன்று உள்ளே இருப்பதே எங்களுக்குத் தெரியாது. அதைக் கொண்டு ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தோம். பிரேக்கை மிதித்து ஸ்டார்ட் பொத்தானை அழுத்தினோம். முன்பலகையில் விளக்குகள் மங்கலாகத் துடித்து அணைந்தன. மறுமுறை அதுவும் இல்லை.

பள்ளிவாசலிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தவர்கள் செய்தி கேட்டு வந்துவிட்டார்கள். "நாலு பேரு தள்ளுனா ஸ்டார்ட் ஆயிரும்" என்று பக்கத்து வீட்டுக் காக்கா கைகளை மடித்துவிட்டார்கள். நம் வாப்பாக்களின் அம்பாசிடர் அப்படித்தான் கிளம்பும். இந்த வண்டியில் அது செல்லாது. பழைய வண்டியில் இரண்டாவது கியரைப் போட்டுத் தள்ளினால், சுழலும் சக்கரம் எஞ்சினையும் சுழற்றிவிடும். எங்கள் வண்டியின் ஆட்டோமேட்டிக் கியர்ப்பெட்டி எண்ணெயின் அழுத்தத்தால் இயங்குவது. அந்த அழுத்தத்தை உண்டாக்கும் பம்பைச் சுழற்றுவதே எஞ்சின்தான். எஞ்சின் ஓடாதபோது சக்கரத்துக்கும் எஞ்சினுக்கும் இடையே பிடிப்பு ஏற்படாது. எவ்வளவு தூரம் தள்ளினாலும் பயனில்லை. அதற்கும் முன்னே, கியர் 'பி'யில் பூட்டிக்கிடந்தது. அந்தப் பூட்டு விடுபடவும் மின்சாரம் வேண்டும். நால்வர் தள்ளியும் வண்டி ஓர் அங்குலம் நகரவில்லை.

தெருமுனையில் நிற்கும் மீன் லாரியை அழைத்து வரலாம் என்றார் மற்றொருவர். இதற்குள் மகள் வண்டியின் கையேட்டை எடுத்துப் பக்கம் புரட்டிக்கொண்டிருந்தாள். லாரிகளில் பெரும்பாலும் 24 வோல்ட். எங்கள் காரில் 12 வோல்ட். இணைத்திருந்தால் காருக்குள் இருக்கும் கணினிப் பெட்டிகள் கருகியிருக்கும். அல்லாஹ் காப்பாற்றினான்.

மணி ஆறரையைத் தாண்டியது. வீடுகளுக்குத் தண்ணீர் கேன் போடும் தம்பி தம் சிறிய வேனை நிறுத்தி, என்ன கூட்டம் என்று விசாரித்தார். அவருடையது 12 வோல்ட் வண்டி. இருக்கைக்கு அடியில் ஜம்பர் கேபிளும் இருந்தது. ஆனால் எங்கள் கார் கொட்டகையில் முகத்தைச் சுவர்ப்பக்கம் வைத்து நின்றதால் கேபிள் எட்டவில்லை. கியர்க் கம்பின் அருகே நகத்தளவு மூடி ஒன்று இருப்பதாகவும், அதை நெம்பி உள்ளே அழுத்தினால் மின்சாரம் இல்லாமலே கியரை நியூட்ரலுக்கு மாற்றலாம் என்றும் மகள் படித்துச் சொன்னாள். அப்படியே செய்து, கைப்பிரேக்கில் ஒருவரை வைத்து, வண்டியைப் பின்னோக்கித் தள்ளி வெளியே கொண்டுவந்தோம். தள்ள வந்தவர்களின் உதவி வீண்போகவில்லை.

இனி இணைப்பு. இதைச் சற்று விரிவாகவே எழுதுகிறோம். ஆண்கள் வெளிநாட்டில் இருக்கும் வீடுகள் நம்மில் அதிகம். இரண்டு வண்டிகளும் ஒன்றையொன்று தொடாமல் நிற்க வேண்டும். இரண்டின் எஞ்சினும் அணைந்திருக்க வேண்டும். முதலில் சிவப்புக் கேபிளின் ஒரு முனை சார்ஜ் இறங்கிய பேட்டரியின் பிளஸ் முனையில். மறுமுனை உதவ வந்த வண்டியின் பிளஸ் முனையில். பிறகு கறுப்புக் கேபிளின் ஒரு முனை உதவும் வண்டியின் மைனஸில். நான்காவது பிடியை நம் பேட்டரியின் மைனஸில் மாட்டாமல், பேட்டரியை விட்டுத் தள்ளி எஞ்சினில் பெயிண்ட் இல்லாத கனமான உலோகப் பகுதியில் மாட்ட வேண்டும்.

இந்த நான்காவது பிடியில்தான் தகராறு. தண்ணீர்த் தம்பி அதை நேரே பேட்டரியின் மைனஸுக்குக் கொண்டு போனார். மகள் தடுத்தாள். "எத்தனை வருசமா இப்படித்தான்மா போடுறேன், ஒண்ணும் ஆகல" என்றார். சுற்றி நின்ற பெரியவர்களும், சின்னப் பிள்ளைக்கு என்ன தெரியும் என்ற முகத்தோடு நின்றார்கள். அவள் குரலை உயர்த்தவில்லை. "அண்ணே, கடைசிப் பிடி மாட்டும்போது பொறி பறக்கும். பேட்டரியிலேருந்து ஹைட்ரஜன் வாயு வரும். அது பத்திக்கும்னு போட்டிருக்கு" என்று பக்கத்தை அவரிடமே நீட்டினாள். எங்கள் காரில் மைனஸ் முனையின் மேல் மின்னோட்டத்தை அளக்கும் சிறு கருவி ஒன்றும் இருக்கிறது; அதைத் தாண்டி வேறிடத்தில் மாட்டச் சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம். அவர் படத்தைப் பார்த்தார். "சரிதான் பாப்பா" என்று சிரித்துவிட்டு எஞ்சினின் இரும்பில் மாட்டினார். பொறி பறக்கத்தான் செய்தது. தம்மைவிட வயதில் சிறியவள் சொன்னதைக் கூட்டத்தின் நடுவே ஏற்றுக்கொண்ட அந்தத் தம்பியை நினைக்கும்போதெல்லாம் துஆச் செய்கிறோம்.

வேனை ஓடவிட்டு ஐந்து நிமிடம் காத்திருந்தோம். எங்கள் வண்டியில் அமர்ந்து கியரை மீண்டும் 'பி'க்கு மாற்றி, பிரேக்கை மிதித்தால் மிதி கல்லாகக் கிடந்தது. எஞ்சின் ஓடாதபோது முன்பே சில தடவை மிதித்துவிட்டால் அப்படித்தான் இருக்கும்; பலமாக மிதிக்க வேண்டும். பொத்தானை அழுத்தினோம். டக்டக் என்ற ஓசை மட்டும் வந்தது. பேட்டரி முனையில் வெள்ளையாகப் பூத்திருந்ததால் பிடி சரியாகப் பற்றவில்லை. தம்பி அதைத் திருகித் தேய்த்துப் பொருத்தினார். இன்னும் ஐந்து நிமிடம். அவருடைய கேன்களுக்காக எத்தனை வீடுகள் காத்திருந்தனவோ. அவர் மணியைப் பார்க்கவில்லை, நாங்கள்தான் பார்த்துக்கொண்டிருந்தோம். இரண்டாம் முறை எஞ்சின் முனகி, உறுமி, நின்றுவிடாமல் ஓடத் தொடங்கியது. திண்ணையிலிருந்து மாமி "அல்ஹம்துலில்லாஹ்" சொன்னது முற்றம் முழுதும் கேட்டது.

கேபிளைக் கழற்றுவது மாட்டியதன் தலைகீழ் வரிசை. முன்பலகையில் ஸ்டீயரிங், ஏபிஎஸ் என்று மஞ்சள் விளக்குகள் வரிசையாக எரிந்தது கண்டு நெஞ்சு பதைத்தது. மின்னழுத்தம் விழுந்து எழுந்ததன் விளைவு அது. தெருவைத் தாண்டுமுன் ஒவ்வொன்றாக அணைந்தன. தம்பி காசு வாங்க மறுத்துவிட்டார். பயண துஆ ஓதிப் புறப்பட்டபோது ஏழு மணி பத்து நிமிடம்.

ஏர்வாடி, சாயல்குடி, வேம்பார் என்று சாலை கடலோரமாக நீண்டது. மாமி கண்ணை மூடி ஓதிக்கொண்டு வந்தார்கள். எங்களுக்கோ உள்ளத்தில் ஒரே கேள்வி: நின்ற வண்டியில் மின்சாரத்தை யார் தின்றார்கள்? மகன் கணக்குப் போட்டுச் சொன்னான். வண்டி உறங்கும்போதும் அதன் திருட்டு எச்சரிக்கை, சாவியை எதிர்பார்த்திருக்கும் கருவி, கணினியின் நினைவு ஆகியவை விழித்தே இருக்கும். அவற்றுக்கு 30 மில்லி ஆம்பியர் என்று வைத்தால் ஒரு நாளைக்கு முக்கால் ஆம்பியர்-மணிக்குச் சற்றுக் குறைவு. 42 நாளில் 30 ஆம்பியர்-மணி. பேட்டரியின் முழுக் கொள்ளளவே 35. நம் ஊர் வெயிலில் அது தானாக இழப்பது வேறு.

ஒருவர் தம் ஆட்டை நம்மிடம் ஒப்படைத்துப் போகிறார். கட்டிப்போட்டு, மேலே தூசி படாமல் பார்த்துக்கொண்டோம், தீனி மட்டும் போடவில்லை என்று அவரிடம் சொல்ல முடியுமா? அமானிதத்தைப் பற்றி மாணவிகளுக்கு எத்தனை முறை பாடம் எடுத்திருக்கிறோம்! பேணுதல் என்று நாங்கள் பெயர் வைத்திருந்தது எங்கள் அச்சத்துக்கு. ஓட்டப் பயந்தோம், அந்தப் பயத்துக்கு மார்க்கத்தின் அழகிய சொல் ஒன்றை எடுத்துப் போர்த்திக்கொண்டோம். மாமி தம் தங்கையின் முகத்தைப் பார்க்க முடியாமல் போயிருந்தால் அது விதி என்று ஆறுதல் கூறியிருப்போம். மாமியும் அதை மறுத்திருக்க மாட்டார்கள். அதை எண்ணியபோதுதான் வெட்கம் அதிகமாயிற்று.

தூத்துக்குடிக்கு முன்னால் மாமிக்கு இறங்க வேண்டியிருந்தது. எஞ்சினை அணைக்கத் துணியவில்லை. மகனைக் காரிலேயே உட்கார வைத்துவிட்டு மற்றவர்கள் இறங்கினோம். காயல்பட்டினத்தில் மய்யித்து வீட்டின் முன் நின்றபோது பத்து மணி முப்பத்தைந்து. குளிப்பாட்டிக் கஃபனிட்டு முடித்திருந்தார்கள். முகத்தை மூடப்போகும் நேரம். பெண்கள் வழிவிட, மாமி தலைமாட்டில் அமர்ந்து தங்கையின் நெற்றியில் கை வைத்தார்கள். சின்ன வயதில் இருவரும் கூப்பிட்டுக்கொண்ட பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். எங்களுக்கு அந்தப் பெயர் அன்றுதான் தெரியும். பிறகு சந்தூக்கு புறப்பட்டது.

வெளியே மகன் எஞ்சினை அணைக்காமலே உட்கார்ந்திருந்தானாம். புகை தாங்காமல் உறவினர் ஒருவர் அதட்டிய பிறகே அணைத்திருக்கிறான். அஸருக்குப் பின் அது முதல் அழுத்தலிலேயே கிளம்பியது. நீண்ட ஓட்டம் அதற்குப் போதுமான உணவாகியிருக்கிறது. முற்றத்திலேயே கால் மணி நேரம் ஓடவிட்டு நிறுத்தியிருந்தால் இந்த அளவு ஏறியிருக்காது. ஆயினும் மறுநாள் பணிமனையில் சோதித்தபோது, நான்காண்டுப் பழைய பேட்டரி, முழுதும் காலியான பின் இனித் தாங்காது என்றார்கள். மாற்றிவிட்டோம்.

இரவு பிள்ளைகளின் வாப்பாவிடம் நடந்ததை ஒளிக்காமல் சொன்னோம். பேட்டரியின் விலையைக் கேட்கவில்லை. "காயல்பட்டினம் வரைக்கும் நீங்களா ஓட்டுனீங்க?" என்று இரண்டு முறை கேட்டார்கள். இப்போது வியாழன்தோறும் அஸர் தொழுதுவிட்டு ராமநாதபுரம் வரை ஓட்டிப்போய் வருகிறோம். மாமி முன் இருக்கையில். பின் இருக்கைக்கு அடியில் புதிய கேபிள். மகள் அதன் நான்காவது பிடியில் மட்டும் ஒரு பச்சை நூலைச் சுற்றி வைத்திருக்கிறாள்.