கனமான குழல் மக்காச்சோளத்தைக் காப்பாற்றுமா?

மக்காச்சோளம் கதிர் பிடிக்கும் நாட்களில், மன்னார்புரத்தில் இருக்கும் எனக்கு ஊரிலிருந்து போன் வருவது கூடிவிடும். துவாக்குடி பக்கம் ஒரு பட்டறையில் முப்பது வருடம் லேத் ஓட்டியவன் நான். திருச்சியில் 1966-லிருந்து துப்பாக்கித் தொழிற்சாலை இருக்கிறது. இரும்பு வேலை தெரிந்த திருச்சிக்காரனுக்குத் துப்பாக்கியும் தெரியும் என்று சொந்தக்காரர்கள் முடிவுகட்டிவிட்டார்கள்.

போன வருடம் கேட்டது என் அக்கா மகன். துறையூர் பக்கம், பச்சைமலை அடிவாரத்தில் இரண்டரை ஏக்கர் மக்காச்சோளம். ஒரே ராத்திரியில் அரை ஏக்கரைப் பன்றிக் கூட்டம் சாய்த்துவிட்டது.

“மாமா, ரெண்டு கறவை மாட்டையும் குடுத்துட்டு ஒரு ரைபிள் வாங்கிடலாம்னு இருக்கேன். தூரத்துலயே அடிக்கணும். கனமான குழல்தான் குறி தப்பாதுன்னு சொல்றாங்க. சரிதானா?”

இதே கேள்வி நம் வாசகர்கள் பலருக்கும் இருக்கும். அதனால் அவனுக்குச் சொன்னதை இங்கேயும் எழுதுகிறேன்.

கனமான குழல் குறி தவறாது என்பதில் உண்மை இருக்கிறது. லேத்தில் நீளமான ஒல்லிக் கம்பியைக் கடைந்தால் அது அதிரும். வரிவரியாகக் கோடு விழும். தடித்த கம்பியில் அந்தத் தொல்லை குறைவு. தேங்காய் பறிக்கும் தொரட்டியும் அப்படித்தான். ஒல்லி மூங்கில் என்றால் நுனி ஆடிக்கொண்டே இருக்கும். குண்டு கிளம்பும்போது துப்பாக்கிக் குழலும் இப்படித்தான் அதிர்கிறது.

கணக்காகச் சொன்னால், குழலின் தடிமனை 20 சதவிகிதம் கூட்டினால் எடை 44 சதவிகிதம் கூடும். விறைப்பு சுமார் இரண்டு மடங்காகும். தடிமனை மாற்றாமல் நீளத்தில் 10 சதவிகிதம் குறைத்தாலே விறைப்பு 37 சதவிகிதம் கூடிவிடும், எடையும் குறையும். தோளில் சுமந்து நடக்கிறவர்கள், குட்டையான, நடுத்தரத் தடிமன் உள்ள குழலைத் தேர்ந்தெடுப்பது இதனால்தான்.

அடுத்தது சூடு. அடுத்தடுத்துச் சுட்டால் ஒல்லிக் குழல் சீக்கிரம் சூடேறி, குண்டு விழும் இடம் மெல்ல நகரும். கனமான குழல் சூடேற நேரமாகும். அதனால்தான் போட்டியில் சுடுகிறவர்கள் கனத்தை விரும்புகிறார்கள். எங்கள் பக்கத்து வீட்டுப் பெண் கே.கே.நகர் ரைபிள் கிளப்பில் பயிற்சி எடுக்கிறாள். அவள் சுடும் 10 மீட்டர் ஏர் ரைபிள் போட்டியில் துப்பாக்கி 5.5 கிலோ வரை இருக்கலாம். 50 மீட்டர் போட்டியில் 8 கிலோ வரை அனுமதி. ஒரே இடத்தில் நின்று பல ரவுண்டு சுடுகிறவர்களுக்கு அந்தக் கனம் கைகொடுக்கும். வேட்டையில் சுடுவது ஒன்றோ இரண்டோ. அதுவும் ஆறிய குழலில்.

தூரத்தையும் பார்ப்போம். ஒரு டிகிரியை 60-ஆகப் பிரித்தால் வருவது ஒரு ‘மினிட்’. 100 மீட்டரில் அது சுமார் 2.9 செ.மீ. இரண்டு மினிட் சிதறல் உள்ள சாதாரண ரைபிள், 100 மீட்டரில் 6 செ.மீ. வட்டத்துக்குள் குண்டைப் போடும். பன்றியின் உயிர்நிலை ஏறக்குறைய ஒரு சாண். 100 மீட்டருக்கு ஒல்லிக் குழலே போதும். 400 மீட்டரில் சிதறல் 23 செ.மீ. ஆகிவிடும். அங்கேதான் கனமான குழல் வித்தியாசம் காட்டும்.

“நம்ம வயக்காட்டுல ராத்திரி 400 மீட்டர் தள்ளி நிக்கிற பன்னி உன் கண்ணுக்குத் தெரியுமா மாப்ள?” என்று கேட்டேன். பதில் இல்லை. தப்பிய ரைபிள் குண்டு கிலோமீட்டர் கணக்கில் போகும். அந்தப் பக்கம் காவலுக்குப் படுத்திருப்பது யார் என்று அதற்குத் தெரியாது.

இனி சட்டம். ஆயுதச் சட்டம் 1959, பயிர்ப் பாதுகாப்புக்கு என்று சொல்வது வாய்வழியாக மருந்து கெட்டிக்கும் துப்பாக்கியைத்தான். ரைபிள் வேண்டுமென்றால் தக்க காரணம் காட்டி, உரிமம் தரும் அதிகாரியை ஒப்புக்கொள்ள வைக்க வேண்டும். கெட்டிக்கும் துப்பாக்கியின் குழலில் பொதுவாக உள்வரி இருக்காது என்பதால், தூரக் குறி என்ற பேச்சுக்கே அதில் இடமில்லை. உரிமம் கிடைத்தாலும் அது பன்றியைச் சுடுவதற்கான அனுமதி ஆகாது. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972-ன் இரண்டாம் அட்டவணையில் காட்டுப்பன்றி இருக்கிறது. கேரளாவில் 2022-லிருந்து உள்ளாட்சித் தலைவர் உத்தரவின் பேரில் உரிமம் உள்ளவர்கள் சுட வழி செய்திருக்கிறார்கள். தமிழ்நாட்டில் 2025 ஜனவரியில் வந்த ஆணை வேறு மாதிரி. காப்புக்காட்டு எல்லையிலிருந்து 1 கி.மீ. வரை சுடக் கூடாது. 1 முதல் 3 கி.மீ. வரை பிடித்துக் காட்டுக்குள் விட வேண்டும். 3 கி.மீ.க்கு அப்பால் சுடலாம். அதையும் வனத்துறையினர்தான் செய்ய வேண்டும்.

அக்கா மகன் வயலிலிருந்து காட்டு எல்லை அரை கிலோமீட்டர்கூட இல்லை. எந்தக் குழல் வாங்கினாலும் அவன் சுட முடியாது. அவனுக்காக வேறு யாரும் சுடவும் முடியாது. இதைக் கேட்டதும் அவனுக்குக் கோபம் வந்தது. “அப்ப நாங்க பார்த்துக்கிட்டே இருக்கணுமா?” என்றான். நியாயமான கோபம்தான். காட்டோரம் இருப்பவனுக்கு நஷ்டமும் அதிகம், வழியும் குறைவு. இந்த ஆணையில் எனக்குள்ள குறையும் அதுதான்.

மாடுகளை அவன் விற்கவில்லை. வனத்துறையிடம் பயிர்ச் சேதத்துக்கு மனுக் கொடுத்தான். வேளாண் பொறியியல் துறையில் சூரியசக்தி வேலிக்கான மானியம் பற்றி விசாரித்தான். மின்வேலிக்கு 2023-ல் தனி விதிகள் வந்திருக்கின்றன. காட்டோர நிலத்தில் அனுமதி வாங்கித்தான் போட வேண்டும். அதில் மின்சாரம் விட்டுவிட்டுப் பாயும். அடிக்கும், ஆளைக் கொல்லாது. கம்பத்திலிருந்து நேரடியாகக் கொக்கி போடும் வேலி கொல்லும். அதில் பன்றியை விட முதலில் மாட்டிக்கொள்வது தண்ணீர் பாய்ச்சப் போகும் நம் வீட்டு ஆளாகவும் இருக்கலாம். அவுட்டுக்காயும் அப்படித்தான், மேயப் போன மாட்டின் வாயைக் கிழித்துவிடும்.

குழல் எத்தனை கிலோ என்று கேட்பதற்கு முன், உங்கள் வயலிலிருந்து காட்டு எல்லை எத்தனை கிலோமீட்டர் என்று வனச்சரக அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். 3 கிலோமீட்டருக்கு மேல் என்றால் அன்றைக்கே அங்கேயே மனுக் கொடுங்கள். அதற்குள் என்றால், துப்பாக்கிக்கு ஒதுக்கிய பணத்தை வேலிக்கு வையுங்கள்.